இத்தாலியக் குடியானவர் வீட்டில் அவ்வளவு பொன் எப்படி வந்தது?

கேள்வி சுருக்கமாக இது: 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் குடியானவர்கள் மக்காச்சோளக் களியைத் தின்று காலம் தள்ளியவர்கள். அப்படியிருக்க, அந்தக் காலத்து ஓவியங்களிலும் புகைப்படங்களிலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் கழுத்து நிறையப் பொன்னும் பவளமுமாக நிற்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் அதையெல்லாம் யார் செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே போயிற்று?

உண்மைதான். ஓவியங்களை மட்டும் கொஞ்சம் கழித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டில் சியோச்சாரியா பக்கத்துக் கிராமப் பெண்கள் ஓவியர்களுக்கு மாடலாக நிற்பதற்காகவே வந்து காத்திருப்பார்கள். வெளிநாட்டு ஓவியர்கள் கேட்டது 'அழகான கிராமத்துப் பெண்'. அந்தப் பெண்களும் அதற்கேற்ப உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஆகவே ஒரு படத்தில் பவளமாலையும் பெரிய வளையத் தோடும் இருந்தால், அது அவள் வயலுக்குப் போட்டுக்கொண்டு போனது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவிழா, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பூசை, இவற்றுக்குத்தான் பெட்டி திறக்கும்.

இன்னொன்று, இந்த நகைகளைக் குடியானவர்கள் செய்யவில்லை. பக்கத்து ஊர்த் தட்டார் செய்தார், அல்லது நேப்பிள்ஸ், ஜெனோவா போன்ற பெரிய நகரங்களின் பட்டறைகளில் செய்து சந்தைக்கு வந்தன. யார் வாங்குவார்கள், எவ்வளவு கொடுக்க முடியும் என்பது தட்டாருக்குத் தெரியும். நகையின் வடிவமே அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்பது என் கருத்து. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும், தராசில் லேசாக நிற்க வேண்டும். பணக்கார வீட்டு நகையைப் பார்த்துச் செய்த மலிவு நகல் என்று இவற்றைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. குறைந்த பொன்னில் அதிகப் பரப்பைக் கொண்டுவருவது தனி வித்தை, அதில் இந்தத் தட்டார்கள் கைதேர்ந்தவர்கள்.

அதற்கு அவர்களுக்கு இரண்டு வழி இருந்தது. முதலாவது, மெல்லிய தகட்டை அச்சில் வைத்து அரைக்கோளமாக அடித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஊதிப் பற்றவைத்துக் குண்டுமணியாக்குவது. உள்ளே ஒன்றும் இருக்காது. வடக்கே பியேமோந்தேயில் 'தோரினி' என்று சொல்லும் மணிமாலை இப்படிப்பட்டது. நடு இத்தாலியின் அப்ரூஸ்ஸோவில் இதே வழியில் செய்த புடைப்பு வேலை மணிமாலையைக் 'கன்னத்தோரா' என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நெல்லிக்காய் பருமனுக்குக் கெட்டிப் பொன் கோத்த மாதிரி இருக்கும். கையில் எடுத்தால்தான் சங்கதி தெரியும்.

இரண்டாவது வழி கம்பி வேலை. நம் நகைக்கடைகளில் ஃபிலிக்ரீ என்று சொல்கிறார்களே, அதுதான். முடி போன்ற இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, பிறகு தட்டையாக நசுக்குவார்கள். நசுக்கிய கம்பியைப் பக்கவாட்டில் நிறுத்தினால், முறுக்கு இருந்த இடமெல்லாம் விளிம்பில் சின்னச் சின்னப் பல் வரிசையாகத் தெரியும். கொஞ்சம் தடித்த கம்பியால் வெளிச்சட்டம் போட்டு, அதற்குள் இந்தப் பல்வரிசைக் கம்பியைச் சுருள் சுருளாக வளைத்து நெருக்கி அடைப்பார்கள். மேலே பற்றாசுப் பொடியும் வெண்காரமும் தூவி ஊதுகுழலால் தீ காட்ட வேண்டும். பொடி உருக வேண்டும், கம்பி உருகக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. கொஞ்சம் கவனம் பிசகினால் பல மணி நேர வேலை ஒரே உருண்டையாகச் சுருண்டுவிடும். முடிந்த நகையில் உலோகத்தைவிட இடைவெளிதான் அதிகம். வாங்குகிறவர் காசு கொடுப்பது பெரும்பாலும் கைவேலைக்குத்தான். கைவேலை மலிவாகவும் பொன் விலை அதிகமாகவும் இருந்த ஊரில் இது நல்ல பேரம். லிகூரியாவின் காம்போ லிகூரே என்ற சிற்றூரில் 1884-இல் தொடங்கிய இந்த வேலை இன்றும் நடக்கிறது, அங்கே இதற்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

ஒரே ஒரு நகையைக் காட்டு என்றால் நான் 'பிரெசெந்தோசா'வைத்தான் காட்டுவேன். அப்ரூஸ்ஸோ மலைப்பகுதிக்கும் பக்கத்து மொலீசேவின் அன்யோனே ஊருக்கும் உரிய பதக்கம் அது. வட்டமான, பல கதிர்களுள்ள நட்சத்திரம், முழுக்கக் கம்பி வேலை. நடுவில் தகட்டில் வெட்டிய இதயம் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு இருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் அவற்றைக் கட்டுவது போல ஒரு பிறையோ சாவியோ இருக்கும். நிச்சயம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது இது. ஒற்றை இதயம் என்றால் கன்னி, இரட்டை என்றால் நிச்சயமானவள் என்று விளக்கம் சொல்வார்கள். எல்லா ஊரிலும் இந்தச் சட்டம் செல்லுபடியானதா என்றால் எனக்குச் சந்தேகம். அந்த மண்ணில் பிறந்த எழுத்தாளர் கப்ரியேலே தன்னுன்சியோ 1894-இல் வெளியான தன் நாவலில் ஒரு பெண்ணை வர்ணிக்கும்போது, காதில் கனத்த பொன் வளையங்கள், மார்பில் இரண்டு இதயங்கள் வைத்த பெரிய கம்பி நட்சத்திரம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பதக்கம் வெளியுலகுக்குத் தெரிய வந்ததில் அந்த ஒரு வரிக்குப் பங்குண்டு.

வடக்கே போனால் கதை வேறு. மிலானுக்கு வடக்கே பிரியான்சா வட்டாரத்தில் கழுத்தைவிடத் தலைக்குத்தான் அலங்காரம் அதிகம். 'ஸ்பெராதா' என்பது வெள்ளி ஊசிகளால் ஆன ஒரு தலையணி. பின்னலைச் சுற்றிக் கொண்டையாக்கி, இரண்டு முனையிலும் ஆலிவ் காய் போன்ற குமிழ் உள்ள நீண்ட ஊசியைக் குறுக்கே செருகுவார்கள். அதற்கு மேலே கரண்டித் தலை வைத்த ஊசிகளை ஒவ்வொன்றாக வட்டமாகக் குத்திக்கொண்டே போனால், பின்னந்தலையில் விசிறி விரிந்த மாதிரி நிற்கும். முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு அது மாதா படத்தில் தலைக்குப் பின்னால் வரையும் ஒளிவட்டம் போலவே தெரியும். சிறு பெண் சில ஊசிகளோடு தொடங்குவாள், கல்யாணத்தில் முழு வட்டம் நிறையும். வெள்ளிதான், தங்கம் இல்லை.

இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தத் தலையணி தெரியும், காரணம் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி. அவருடைய பெரிய நாவல் 1827-இல் முதலில் வந்தது, கதை தொடங்குவது 1628-இல். அதில் மணக்கோலத்தில் வரும் லூச்சியாவுக்கு அவர் இந்த வெள்ளி ஊசி வட்டத்தைத்தான் சூட்டுகிறார். மிலான் பக்கத்துக் குடியானவப் பெண்கள் இன்னமும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்க்கிறார். கழுத்தில் செம்மணிக் கல்லும் கம்பி வேலைப் பொன் குமிழும் மாறி மாறிக் கோத்த மாலை. தன் காலத்தில் கண்ணால் பார்த்ததை இருநூறு வருடம் பின்னே கொண்டுபோய் வைத்தாரா, அப்போதும் அப்படித்தான் இருந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்கள் பேசட்டும். நமக்கு வேண்டியது, பட்டு நூற்பு ஆலைக்காரியான ஒரு கிராமத்துப் பெண்ணிடம் இப்படி ஒரு செட் இருப்பதை வாசகர் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை என்பதுதான்.

சார்தீனியத் தீவில் பொத்தானே நகை. சட்டைக் கழுத்தில், மணிக்கட்டில், சட்டைக்கை நெடுக வரிசையாகக் கம்பி வேலைப் பொத்தான்கள். ஆண்களும் அணிவார்கள். இரண்டு அரைக்கோளம், மேல் கோளத்தின் உச்சியில் ஒரு மணியோ சிறு கல்லோ. இதைத் தாய்மார்பின் வடிவம், ஃபினீசியரின் தானித் தேவியிலிருந்து வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சலிக்காமல் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பெயினின் சலமாங்கா பக்கத்திலும் கம்பி வேலைப் பொத்தான் கிராமிய உடையின் அடையாளமாக இருக்கிறது. சார்தீனியா அரகோன், ஸ்பெயின் ஆட்சியின் கீழ் ஏறக்குறைய நானூறு வருடம் கிடந்தது. தேவியைத் தேடிப் போவதற்கு முன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அங்கே திருமண மோதிரமும் கம்பி வேலைதான், தாயிடமிருந்து மகளுக்கு வரும். இந்த நகைகளை உடம்பில் அணிந்த நிலையில் பார்க்க வேண்டுமானால் மே 1-ஆம் தேதி காலியாரியில் நடக்கும் புனித எஃபீசியோ திருவிழாவுக்குப் போகலாம். 1657-இலிருந்து நடக்கும் ஊர்வலம் அது.

சிசிலியில் பியானா தெலி அல்பனேசி என்ற ஊரில் அல்பேனிய மூதாதையர் வழி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மணப்பெண் இடுப்பில் கட்டும் வெள்ளி ஒட்டியாணத்தின் முகப்பில் குதிரை மேல் புனித ஜார்ஜ் இருப்பார். அதைத் தனியாகவே எழுதலாம், இங்கே பெயர் சொல்லி நகர்கிறேன்.

இனி பவளம். இத்தாலியில் பவளம் அழகுக்கு மட்டும் இல்லை, திருஷ்டிக்கும் மருந்து. குழந்தை கழுத்தில் பவளம் கட்டும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி உர்பீனோவில் இருக்கிறது. பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்கா 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த செனிகாலியா மாதா ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கழுத்திலேயே பவளம் தொங்குகிறது. நேப்பிள்ஸ் பக்கத்தில் கொம்பு வடிவப் பவளம், கையை மடக்கிக் கட்டைவிரலை இடையில் நீட்டிய வடிவம், 'சிமாரூத்தா' என்ற வெள்ளித் தாயத்து எல்லாம் உண்டு. சிமாரூத்தா அருவதாச் செடியின் கிளை போல இருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் பிறை, சாவி, கை, பாம்பு, பூ என்று ஏதோ ஒன்று. ஒரே தாயத்தில் எல்லாக் கெடுதலுக்கும் ஏற்பாடு. சார்தீனியாவில் குழந்தையின் துணியில் கறுப்புக் கல் மணி ஒன்றை வெள்ளிக் குப்பிகளுக்கு நடுவே வைத்துக் குத்துவார்கள், அதைக் 'கொக்கு' என்பார்கள். மணி வெடித்தால் திருஷ்டியைத் தான் வாங்கிக்கொண்டது என்று பொருள்.

பெரூஜியாவின் ஜுசெப்பே பெல்லூச்சி (1844–1921) இந்த மாதிரித் தாயத்துகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1889 பாரிஸ் கண்காட்சியிலும் வைத்தார். அவர் தொகுப்பில் பால் கொடுக்கும் தாய்மார் அணிந்த வெள்ளைக் கல், இரத்தப்போக்கு நிற்க அணிந்த சிவப்புக் கல் எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கற்கால மனிதன் செதுக்கிய அம்பு முனைகள்தான். உழும்போது கிடைத்த அவற்றை இடியோடு விழுந்த கல் என்று நம்பி, வெள்ளியில் பதித்து, மின்னல் தாக்காதிருக்க அணிந்திருக்கிறார்கள். ஓர் அகழ்வாராய்ச்சிப் பொருள் இப்படி நகையாகி மறுபடி அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பவளம் எடுத்து அறுத்து மணியாக்கும் தொழிலுக்கு நேப்பிள்ஸ் பக்கத்துத் தோரே தெல் கிரேக்கோதான் தலைநகரம். மரச் சிலுவையில் வலைத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் இழுத்துப் பவளத்தை ஒடித்தெடுத்தார்கள். கடல் படுகையை நாசமாக்கும் முறை அது. மத்தியதரைக் கடல் பவளம் நமக்கும் அந்நியம் இல்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர்கள் பவளத்தை இந்தியாவுக்கு அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். போர்த்துகீசிய யூத வணிகர்கள் சிலர் மதராசிலேயே வந்து தங்கி இந்த வியாபாரம் செய்தார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம். ஆக, அப்ரூஸ்ஸோக்காரியின் கழுத்துப் பவளமும் மதராசில் விலைபோன பவளமும் ஒரே கடலிலிருந்து வந்திருக்கலாம்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? ஒரே நாளில் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் ஒரு தோடு கொடுப்பாள், பிறகு நிச்சயத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. சீர் எழுதும்போது நோட்டரி படுக்கை விரிப்போடும் செப்புப் பாத்திரத்தோடும் நகைகளையும் மதிப்புப் போட்டுப் பட்டியலில் சேர்ப்பார். வங்கிக் கணக்கு இல்லாத வீட்டில் கையிருப்பு என்று இருந்தது அதுதான். மகசூல் பொய்த்தால் அடகுக்குப் போகும். இத்தாலியில் அதற்கு நல்ல ஏற்பாடும் இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்ற 1462-இல் பெரூஜியாவில் தொடங்கிய 'மோந்தே தி பியேத்தா' அடகு நிலையங்கள் பிறகு நாடெங்கும் பரவின. வேண்டுதல் நிறைவேறினால் மாதா சிலைக்குக் காணிக்கையாகவும் நகை போகும். பல ஊர்களில் மாதாவின் கழுத்தில் ஊர்ப் பெண்களின் மூன்று தலைமுறை நகை தொங்குவதை இன்றும் பார்க்கலாம்.

அடுத்த பகுதி, எங்கே போயிற்று. 1876-க்கும் 1915-க்கும் இடையே சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் சீட்டுக்கு வீட்டிலிருந்து முதலில் கிளம்பக்கூடிய பொருள் பொன்தானே. நகரத்து மோஸ்தர் கிராமத்துக்கு வந்ததும் பழைய தோட்டை அழித்துப் புதிதாகச் செய்வதும் நடந்தது. பெரிய அடி 1935-இல் விழுந்தது. முசோலினி எத்தியோப்பியா மேல் படையெடுத்ததும் சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பதிலுக்கு அவர் மக்களிடம் பொன் கேட்டார். டிசம்பர் 18 அன்று நாடெங்கும் பெண்கள் தங்கள் திருமண மோதிரத்தைக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டார்கள். ரோமில் மகாராணி எலேனா தொடங்கிவைத்தார். எழுத்தாளர் பிராந்தெல்லோ தன் நோபல் பதக்கத்தையே கொடுத்தார். கிராமங்களில் இது விருப்பமா வற்புறுத்தலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், கொடுக்காத வீடு ஊருக்கே தெரிந்துவிடும். மலிவு மோதிரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு உண்மையானதைப் பதுக்கியவர்களும் உண்டு என்பார்கள்.

மிஞ்சியவற்றைக் காப்பாற்றியதில் இரண்டு பெயர் முக்கியம். ஒன்று கஸ்தெல்லானி குடும்பம். ஃபோர்த்துனாத்தோ பியோ கஸ்தெல்லானி 1814-இல் ரோமில் கடை தொடங்கிய நகைக்காரர். 1836-இல் செர்வேத்தேரியில், ரோமானியருக்கு முன்பே அங்கே வாழ்ந்த எத்ருஸ்கரின் கல்லறை ஒன்று திறந்து பழங்காலப் பொன் வெளிவந்ததும், அதிலிருந்த கண்ணுக்கே எட்டாத பொடிமணி வேலையை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது. மார்க்கே மலைப்பகுதியில் சாந்தாஞ்செலோ இன் வாதோ என்ற ஊரில் கிராமத் தட்டார்கள் அதைப் போன்ற ஒரு வேலையைப் பரம்பரையாகச் செய்துவருவதைக் கண்டு, அவர்களில் சிலரை ரோமுக்கே அழைத்துவந்தார்கள். கிராம நகை மேல் அந்தக் குடும்பத்துக்கு மரியாதை வந்தது இப்படித்தான். இத்தாலி முழுவதிலிருந்தும் சேர்த்ததை 1867 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக இருக்கும் நிறுவனம் அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டது.

இரண்டாவது லம்பேர்த்தோ லோரியா. நியூ கினியாவில் பழங்குடிகளை ஆராய்ந்தவர், பிறகு தன் நாட்டு ஜனங்களைப் பற்றியே ஒன்றும் தெரியாதே என்று இத்தாலிக் கிராமங்கள் பக்கம் திரும்பினார். நாடு ஒன்றானதன் 50-ஆம் ஆண்டு விழாவுக்காக 1911-இல் ரோமில் நடந்த கண்காட்சிக்கு, மாகாணம் மாகாணமாக ஆள் விட்டு உடையும் கருவியும் நகையும் சேர்த்தார். பிறகு அவையெல்லாம் வருடக்கணக்கில் பெட்டிகளில் கிடந்து, 1956-இல்தான் ரோமின் எவூர் பகுதியில் நிரந்தர அருங்காட்சியகமாயின.

இரண்டில் எதை நம்பலாம் என்று கேட்டால், நான் லோரியா பக்கம். கஸ்தெல்லானி தேடியது பழங்காலத்தின் தடயம், அதனால் தட்டாரின் கைத்திறன் தெரியும் நகைகள் மேல் அவர் கண் போனது இயல்பு. லோரியாவின் ஆட்கள் யார் எங்கே எதற்கு அணிந்தார்கள் என்று கேட்டுச் சேர்த்தார்கள், மலிவு வெள்ளியும் கண்ணாடி மணியும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் பார்த்தால்தான் படம் முழுதாகும்.

கடைசியாக, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கான்னோ, சுல்மோனா, அன்யோனே ஊர்களில் பிரெசெந்தோசா இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்குவதில் குழப்பம் இல்லை. பழசு என்று சொல்லி விற்பதில்தான் கவனம் வேண்டும். குறுக்கே வைத்த இரண்டு சாவி முத்திரை இருந்தால் அது போப்பின் ஆட்சிப் பகுதியில் செய்தது. முத்திரையே இல்லாததால் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனெனில் 1870-களிலிருந்து 1934 வரை இத்தாலியில் முத்திரை கட்டாயமாக இருக்கவில்லை. லென்ஸ் வைத்துக் கம்பியைப் பாருங்கள். கையால் முறுக்கி நசுக்கிய கம்பியில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கூர்மையாகத் தெரியும், ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிசகியும் இருக்கும். பழைய நகையிலிருந்து அச்சு எடுத்து வார்த்ததில் பற்கள் மழுங்கி, இடுக்குகளில் உலோகம் தேங்கி நிற்கும்.